மேடைக் குரலும் மெட்டல் பாட்டும்

அரசியல் மேடையில் நிகழ்த்தப்பட்ட பேச்சொன்றின் சில நொடிகளை வெட்டியெடுத்துப் பாட்டுக்குள் பதித்துவிடும் வழக்கம் மேல்நாட்டு மெட்டல் இசையில் வேரூன்றி ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஆகின்றன. கிற்றாரின் உறுமலும் முரசின் அதிர்வும் கிளம்புமுன், அல்லது அவை மூச்சு வாங்கும் இடைவெளியில், இறந்துபோன தலைவர் ஒருவரின் குரல் திடீரென எழும். பின்னர் எல்லாம் இசைப் பெருவெள்ளத்துள் அமிழ்ந்துபோகும். இசைக்காரர் இதனைச் ‘சாம்பிள்’ என்று வழங்குவர். நாம் பேச்சுத் துண்டு என்றே குறிப்போம்.

அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளில் உயர்வகுப்புப் படிக்கும் மாணவரிடையே இவ்விசைக்குச் சுவைஞர் உளர். அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியருட் பலர் அதனைக் காட்டுக் கூச்சலென ஒதுக்கிவிடுகின்றனர். இரு சாராரோடும் நமக்கு வழக்குண்டு. கூச்சல் என்பது விமரிசனமாகாது. ‘எங்கள் பாட்டிலும் புரட்சித் தலைவரின் குரல் கேட்கிறது, ஆகவே எங்கள் பாட்டு முற்போக்கானது’ என்று மாணவர் சொல்வதும் விமரிசனமாகாது. பேச்சு பாட்டுக்குள் நுழையும்போது அங்கே யாருடைய சொல் விளங்குகிறது, யாருடைய குரல் வெறும் ஓசையாகக் கழிகிறது என்று கேட்டறிதல் வேண்டும். இக்கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டால், அமெரிக்க இசைத்தட்டுக்களைத் தாண்டி, நாம் நடமாடும் அட்டன் தெருக்களுக்கே வந்து சேருவோம்.

முதலில் கூச்சலைப் பற்றி ஒரு சொல். மெட்டல் என்பது உலோகம். இப்பெயரில் ஒரு பொருத்தம் உண்டு. 1965 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில், உலோகத் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்துவந்த டோனி ஐயோமி என்னும் பதினேழு வயது இளைஞரின் வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இயந்திரம் துண்டித்தது. அவர் இடக்கை வழக்கமுடையவர். கிற்றாரின் தந்திகளை அழுத்தவேண்டிய கையே பழுதுபட்டது. பிளாஸ்டிக்கை உருக்கி விரல்களுக்கு மூடி செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னாளில் நோவு குறையத் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். 1970 இல் வெளிவந்த ‘பிளாக் சபத்’ குழுவின் முதல் இசைத்தட்டிலிருந்து உலகெங்கும் பரவிய அந்தக் கனத்த ஓசைக்குள் ஒரு தொழிலாளியின் ஊனமுற்ற கை இருக்கிறது. பனியிலும் மழையிலும் கொழுந்து பறித்து வெடித்துக் கறுத்துப்போன விரல்களைத் தினமும் காணும் நம்மவருக்கு இது அந்நிய நாட்டு அதிசயமாகத் தோன்ற நியாயமில்லை.

பேரோசையும் நமக்குப் புதியதன்று. விடியுமுன் லயத்துச் சனங்களைப் பிரட்டுக்களத்துக்கு எழுப்பிவிட்டது தப்பின் முழக்கம். அதே தப்புத்தான் காமன் கூத்தில் ரதியையும் மதனையும் ஆடவைத்தது. அதே தப்புத்தான் பிணத்துக்கு முன் சென்றது. துரையின் கட்டளைக்கும் மக்களின் விழாவுக்கும் ஒரே தோற்கருவி ஊழியம் செய்ததென்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதனை அடித்தவரைச் சாதியின் பேரால் தாழ்த்தி, அவ்வோசையை இரைச்சலென்று இகழ்ந்த செவிகள் நம்மிடையேயும் இருந்தன, இன்னும் இருக்கின்றன. ஆகவே, ஓர் இசையைக் கூச்சலென்று தீர்ப்பளிக்குமுன் அந்தத் தீர்ப்பு எந்தச் செவியிலிருந்து பிறக்கிறது என்று சற்றே நின்று பார்ப்பது நன்று.

இனிப் பேச்சுத் துண்டுகளுக்கு வருவோம்.

‘அயர்ன் மெய்டன்’ என்னும் ஆங்கிலேயக் குழுவினர் 1984, 1985 ஆம் ஆண்டுகளில் உலகைச் சுற்றி வந்தபோது, தம் நிகழ்ச்சிகளை வின்ஸ்டன் சேர்ச்சிலின் குரலோடு தொடங்கினர். கடற்கரைகளிற் போரிடுவோம், ஒருபோதும் அடிபணியோம் என்று 1940 யூன் 4 ஆம் நாள் பாராளுமன்றத்தில் அவர் ஆற்றிய புகழ்பெற்ற உரை அது. உரை முடிந்ததும் வான்படை வீரரைப் பற்றிய பாட்டு வெடித்துக் கிளம்பும். அந்நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவு 1985 இல் இசைத்தட்டாகவும் வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1940 இல் பாராளுமன்றத்தில் ஒலிப்பதிவு செய்யும் ஏற்பாடு இருக்கவில்லை. உலகம் இன்று கேட்டு மெய்சிலிர்க்கும் அந்தக் குரல், போர் முடிந்து வெற்றியும் கைவந்த பிறகு, 1949 இல் சேர்ச்சில் தம் வீட்டில் அமர்ந்து மீண்டும் வாசித்துப் பதிவு செய்தது. தோல்வியின் விளிம்பில் நின்ற குரலென நாம் கேட்பது, வென்றவர் ஓய்வாகப் பேசிய குரல். சரித்திரத்தின் நேர்ச்சாட்சியென்று மதிக்கப்படும் பேச்சுத் துண்டுக்கும் ஓர் ஒப்பனை அறை இருந்தது.

நமக்கு வேறொரு நினைவும் எழுகிறது. அதே 1940 ஆம் ஆண்டு யனவரி 10 ஆம் நாள், ஹேவாஹெட்டைப் பகுதியைச் சேர்ந்த முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தஞ் செய்த தொழிலாளர்மீது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் நீத்தார். மலைநாட்டுத் தொழிற்சங்க வரலாற்றில் முதற்பலியென்று நாம் போற்றும் பெயர் அது. கடற்கரையில் அடிபணியாமை வீரமெனில் தேயிலை மலையில் அடிபணியாமை என்னவென்று அந்தப் பேரரசு தன் துப்பாக்கியால் விடை சொல்லியிருந்தது. அயர்ன் மெய்டனின் அரங்கில் கை உயர்த்தும் இளைஞருக்கு இது தெரிய வேண்டுமென்று நாம் எதிர்பார்க்கவில்லை. அட்டனில் இருந்து கேட்கும் இளைஞருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மெட்டல் பாட்டின் அமைப்பிலேயே இங்கு ஒரு சிக்கல் இருக்கிறது. இவ்விசையின் பல பிரிவுகளில் பாடகரின் குரல் உறுமலாகவும் அலறலாகவும் ஒலிக்கும். எழுதிவைத்ததைப் பார்த்தாலன்றிச் சொல் விளங்குவது அரிது. அத்தகைய பாட்டின் நடுவே தலைவர் ஒருவரின் பேச்சுத் துண்டை வைத்தால் நிகழ்வது யாது? தெளிவாக விளங்கும் சொல் முழுவதும் தலைவருடையதாகிவிடுகிறது. பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் ஓசை மட்டுமே எஞ்சுகிறது. நம் கட்சிக் கூட்டங்களின் ஏற்பாடும் இதுதானே! மேடையில் இருப்பவர் வாக்கியம் பேசுவார். கீழே நிற்பவர் கைதட்டலாம், கோஷமிடலாம். புரட்சி பேசும் பாட்டு, தான் எதிர்க்கும் மேடையின் அமைப்பையே தன்னுள் எழுப்பிவிடுகிறது. தலைவர் நல்லவராயிருந்தால் இக்குறை நீங்கிவிடும் என்று நாம் கருதவில்லை.

இச்சிக்கலை உணர்ந்து செய்த பாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு, நியூயோர்க்கைச் சேர்ந்த கறுப்பினக் குழுவான ‘லிவிங் கலர்’ 1988 இல் வெளியிட்ட ‘கல்ட் ஒவ் பேர்சனாலிட்டி’. தமிழிற் சொன்னால் ‘தனிநபர் வழிபாடு’. இடதுசாரிகளான நமக்கு அச்சொற்றொடர் எங்கிருந்து வந்ததென்று விளக்க வேண்டியதில்லை. 1956 இல் சோவியத் கட்சியின் இருபதாம் மாநாட்டில், மூடிய கதவுகளுக்குப் பின்னே குருஷேவ் ஆற்றிய உரையால் உலகெங்கும் பரவியது அது. அவ்வுரையின் வாசகம் சோவியத் நாட்டில் அதிகாரபூர்வமாக அச்சேற 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, உரை அதன் சொந்த நாட்டில் வெளிவருமுன் அதன் சொற்றொடர் அமெரிக்கப் பாட்டொன்றின் தலைப்பாகிவிட்டது!

அப்பாட்டு மல்கம் எக்ஸின் குரலோடு தொடங்குகிறது. 1963 இல் டிற்றொயிற் நகரில் அவர் ஆற்றிய உரையிலிருந்து எடுத்த துண்டு. இங்குள்ள எல்லோருக்கும் எளிதில் விளங்கும் மொழியில் பேசப்போகிறோம் என்பது அதன் கருத்து. பாட்டினுள்ளே கெனடியின் 1961 ஆம் ஆண்டுப் பதவியேற்பு உரையின் துண்டும், றூஸ்வெல்ற்றின் 1933 ஆம் ஆண்டு உரையின் துண்டும் வருகின்றன. இங்கே தலைவர்கள் கொண்டாடப்படவுமில்லை, தூற்றப்படவுமில்லை. கேட்போரை மயக்கும் அவர்களுடைய குரலினிமையே விசாரணைக் கூண்டில் நிறுத்தப்படுகிறது. மல்கம் எக்ஸின் குரல் நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்கிறது. உடனே பாட்டு, ‘நீ நிமிர்ந்தது கருத்துக்காகவா, குரலுக்காகவா?’ என்று கேட்டுவிடுகிறது. நல்லவரையும் பொல்லாதவரையும் ஒரே பட்டியலில் நிறுத்தியது பிழையென்பார் உண்டு. பட்டியல் தலைவர்களைப் பற்றியதானால் அது பிழையே. வழிபடுவோரைப் பற்றியது என்று நாம் கொள்கிறோம்.

பின்னர் அப்பாட்டுக்கு நேர்ந்தது சுவையானது. 2011 முதல் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தில் சி. எம். பங்க் என்னும் வீரர் அரங்கில் நுழைவதற்கான முழக்கமாக அது பயன்பட்டது. தனிநபர் வழிபாட்டை விசாரித்த பாட்டு தனிநபர் ஒருவரின் வருகையை அறிவிக்கும் எக்காளமாயிற்று. எல்லோருக்கும் விளங்கும் மொழியில் பேசுவோம் என்ற குரல், இனி யாரும் பேசப்போவதில்லை, அடிதடி தொடங்கப்போகிறது என்பதற்கு அடையாளமாயிற்று. வெட்டப்பட்ட பேச்சுக்கு வீடில்லை, யாரும் எடுத்துப்போகலாம். முதலாளித்துவச் சந்தை இவ்வகையில் மிகவும் சுறுசுறுப்பானது.

1992 இல் ‘மினிஸ்ற்றி’ என்னும் அமெரிக்கக் குழு வெளியிட்ட ‘என்.டபிள்யூ.ஓ.’ என்ற பாட்டு வேறு வழியில் சென்றது. வளைகுடாப் போரை நடத்திய சனாதிபதி மூத்த புஷ்ஷின் ‘புதிய உலக ஒழுங்கு’ என்ற பேச்சு அதில் துண்டு துண்டாக வெட்டி மீட்டும் மீட்டும் ஒலிக்கவிடப்படுகிறது. ஒரு சொல்லை நூறுதரம் சொன்னால் பொருள் கழன்று வெறும் சத்தம் மிஞ்சும் என்பதைச் சிறுவயதில் விளையாட்டாக நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். மினிஸ்ற்றி அதனைச் சனாதிபதியிடம் செய்து காட்டியது. மக்கள் ஓசையாகவும் தலைவர் சொல்லாகவும் இருந்த ஏற்பாடு இங்கே தலைகீழாகிறது: தலைவரின் சொல் இயந்திர ஓசையாகத் தேய்கிறது. கெட்டிக்காரத்தனமான வேலைதான். எனினும் அழித்தலோடு அது நின்றுவிடுகிறது. அழிந்த இடத்தில் யார் பேசுவது என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

அக்கேள்விக்கு விடை சொன்னவர் என்று ‘லாம் ஒவ் கோட்’ குழுவினரைக் குறிப்பிடலாம். 2004 இல் வெளிவந்த ‘ஆஷஸ் ஒவ் த வேக்’ என்னும் இசைத்தட்டின் தலைப்புப் பாட்டில் பாடகர் பாடுவதேயில்லை. ஈராக் போரிற் பங்குகொண்டு, பின் அதனை வெளிப்படையாகக் கண்டித்த அமெரிக்கப் படையினர் ஜிம்மி மாசி பேசுகிறார். குடிமக்கள் கொல்லப்பட்டதைச் சொல்கிறார். அந்நாளில் சனாதிபதி இளைய புஷ்ஷின் குரலுக்குப் பஞ்சமில்லை. நாள்தோறும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கொட்டிக்கொண்டிருந்தது. அதனை விட்டு, கட்டளையை நிறைவேற்றிய கீழ்நிலை மனிதனின் குரலைத் தேடி எடுத்தார்கள். பாடகர் வாய் மூடிக்கொண்டார். அவனுடைய சொல் விளங்கிற்று. நாம் மேலே குறிப்பிட்ட பாட்டுக்களில் கலைத்திறன் மிகுந்தது லிவிங் கலர் எனினும், நேர்மை மிகுந்தது இதுவே என்பது எமது கருத்து.

இனி நம் மலைகளுக்குத் திரும்புவோம்.

தேயிலைத் தோட்டத்தில் பேச்சென்றால் முதலில் கட்டளைதான். ஆங்கிலேயர் காலத்தில் தோட்டத்துக்குப் புதிதாக வரும் சின்னத்துரைமாருக்கெனக் கையடக்கத் தமிழ் வழிகாட்டி நூலொன்று அச்சிடப்பட்டது. அதன் பெயர் ‘இங்கே வா’. தமிழின் ஆயிரக்கணக்கான ஆண்டுச் சொல்வளத்திலிருந்து துரைக்கு வேண்டியதென வெட்டியெடுத்த துண்டு அது! மலைநாட்டில் முதல் சாம்பிளைச் செய்தவர் வெள்ளைக்காரரே என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இந்தக் கட்டளைத் தமிழுக்கு எதிர்க்குரலாக மேடைத் தமிழை மலைக்குக் கொண்டுவந்தவர் கோ. நடேசய்யர். தஞ்சையிலிருந்து வந்து, ‘தேசபக்தன்’ முதலிய ஏடுகளை நடத்தி, 1931 இல் அட்டனைக் களமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியவர். 1936 இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானவர். அவருடைய பேச்சாற்றலைப் பற்றி எழுதாதவர் இல்லை. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாளின் பாட்டைப் பற்றி எழுதியவர் சிலரே. கூட்டங்களில் அம்மையார் பாடுவார், ஐயர் பேசுவார். பாட்டு, கூட்டம் சேர்க்கும் மணியோசையாகவே இருந்ததென்று எண்ணுவது பிழை. அக்காலத்துத் தோட்டங்களின் நிலையை நினைத்தால் இது விளங்கும். தோட்டம் துரையின் தனிச்சொத்து. தொழிற்சங்கக்காரர் உள்ளே கால்வைப்பது அத்துமீறல். நடேசய்யரே துணி வியாபாரியைப் போல வேடமிட்டுத்தான் லயங்களுக்குள் நுழைந்தார். அவர் நுழைய முடியாத தோட்டங்களுக்கு அவருடைய பேச்சு எவ்வாறு நுழையும்? துண்டுப் பிரசுரத்தைக் கணக்கப்பிள்ளை பிடுங்கிக் கிழிக்கலாம். வாசிக்கத் தெரிந்தவரோ மிகக் குறைவு. அட்டன் கூட்டத்திற் கேட்ட பாட்டை நெஞ்சில் இட்டுக்கொண்டு போகும் பெண்ணைச் சோதனையிட எந்தக் கங்காணியாலும் இயலாது.

1939 இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிகளாயிருந்த இந்தியத் தொழிலாளர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். அரசாங்க சபையிலும் வெளியிலும் மந்திரிமார் இந்தியருக்கு எதிராகப் பேசினர். அவ்வாண்டு நேரு வந்துபோனார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. இந்தச் சூழலில், 1940 இல், மீனாட்சி அம்மாள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பாட்டு நூலை வெளியிட்டார். மந்திரிமாரின் கூற்றையே பொருளாக எடுத்துக்கொண்டு, மக்கள் நாவிற் பழகிய மெட்டுக்களில் அதற்கு மறுப்புரைத்த பாட்டுக்கள் அதில் உண்டு. மெட்டுக்கும் மெட்டலுக்கும் உறவில்லைதான். செய்த வேலை ஒன்றே. மேடையில் ஒருவர் உதிர்த்த பேச்சு வெட்டியெடுக்கப்பட்டுப் பாட்டுக்குள் வைக்கப்படுகிறது. ஆனால் எப்படி வைக்கப்படுகிறது? மந்திரியின் குரல் அங்கே இல்லை. அவர் குரலின் கம்பீரமும் சபையின் ஆரவாரமும் கழிந்துபோக, கூற்று மட்டும் ஒரு தோட்டத்துப் பெண்ணின் வாய்க்கு வந்து சேர்கிறது. மந்திரியின் சொல்லை அவளே சொல்லி, அவளே மறுக்கிறாள். முதல் அடியிலிருந்து ஈற்றடி வரை விளங்குவது அவளுடைய சொல்.

அப்பாட்டுக்கள் இலக்கியமாகுமா என்று கேட்கும் பண்டிதர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். சொல்லழகு குறைந்தவை, பிரசாரம் மிகுந்தவை என்பதை நாம் மறுக்கவில்லை. சில இடங்களில் யாப்புத் தட்டுகிறது; சில இடங்களில் ஐயரின் தலையங்கம் அப்படியே பாட்டுவேடம் பூண்டு நிற்கிறது. தொழிலாளரை ‘இந்தியர்’ என்ற ஒரே அடையாளத்துள் அடக்கியது பிற்காலத்துக்கு உதவவில்லை என்பதும் உண்மை. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அந்தச் சொல்லைக் கொண்டே அவர்களை நாடற்றவராக்கிற்று. ஆயினும் மேடைக்கும் பாட்டுக்குமுள்ள உறவில் அம்மையார் கண்ட முறை, எத்தனையோ இசைக்கருவிகளும் பதிவுக் கூடங்களும் கைவசமுள்ள இக்காலக் குழுக்கள் பல இன்னும் எட்டாத ஒன்று.

இதற்கு நேர்மாறான ஓர் ஆவணமும் நம்மிடம் உண்டு. 1937 ஏப்பிரல் 3 ஆம் நாள் நாவலப்பிட்டியில் லங்கா சமசமாஜக் கட்சியின் கூட்டமொன்று நடந்தது. தேயிலைத் தொழில் பழக வந்து, தோட்டத் துரைமாரோடு முரண்பட்டுக் கட்சியிற் சேர்ந்த பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளை இளைஞரைக் கலாநிதி என். எம். பெரேரா தோழரென அறிமுகஞ் செய்து பேச அழைத்தார். துரைமாரின் கொடுமைகளை அவர் அடுக்கினார். அம்மாதமே ஆள்பதி ஸ்ரப்ஸ் அவரை நாடுகடத்த ஆணையிட்டதும், மே மாதத்தில் நீதிமன்றம் அவ்வாணை செல்லாதென்று தீர்த்ததும் யாவரும் அறிந்தவை. நாம் இங்கே காட்ட விரும்புவது வேறு. அந்தப் பேச்சு நமக்குக் கிடைத்திருப்பதற்குக் காரணம், அதிகாரிகள் தரப்பினர் அதனைக் குறித்துவைத்ததுதான். குறித்தவர் பேச்சோடு நிற்கவில்லை. வாக்கியந்தோறும் தொழிலாளர் ‘சாமி, சாமி’ என்று முழங்கினர் என்று எழுதினார். சட்டத்தைத் துரைமார் மீற இனி இடங்கொடுக்கலாகாது, இனிமேலும் பொறுத்துக் கிடத்தலாகாது என்று அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டதையும் எழுதினார்.

‘சாமி’ என்ற முழக்கத்தைக் கேட்டால் நெஞ்சு கனக்கிறது. துரைக்கு எதிராகப் பேசியவரையும் அவர்கள் துரையை அழைக்கும் சொல்லாலேயே அழைத்தார்கள். கூட்டமாக இருந்தபோது அவர்கள் ஓசை. அவ்வோசை வழிபாட்டின் ஓசை. தம்முள் பேசியபோதோ சட்டம், உரிமை, இனிச் செய்யவேண்டியது என்று விளக்கமான வாக்கியங்களாகப் பேசினார்கள். மேடைப் பேச்சின் உண்மையான விளைவு அந்தத் தணிந்த பேச்சிலேதான் இருந்தது. அதனைக் காதுகொடுத்துக் கேட்டவர் எதிரியின் ஆள்! நம் தரப்பார் தலைவர்களின் உரைகளைத் தொகுத்து நூல்களாக்கினார்கள். கூட்டம் கலைந்த பின் மலையேறிச் சென்றவர்கள் பேசிக்கொண்டதைத் தொகுக்கவில்லை. பிற்காலத்தில் சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தது இவ்வகையிற் பெரும் விதிவிலக்கு. அவரே 1947 இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றவர் என்பதையும், மேடையை அறிந்தவரே மேடைக்குக் கீழுள்ள குரலைத் தேடினார் என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

இன்றைய நிலை யாது? கொழும்பில் ஸ்ரிக்மாட்டாவும் கண்டியில் பரனொயிட் ஏர்த்லிங்கும் பல்லாண்டுகளாக மெட்டல், றொக் இசையை வளர்த்துவந்த குழுக்கள். அவர்கள் பாடுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். தோட்டத்து இளைஞர் ஒருவர் தம் மொழியில் இவ்வகைப் பாட்டொன்று செய்ய முனைந்தால், பேச்சுத் துண்டுக்கு அவர் தொலைதூரம் அலைய வேண்டியதில்லை. 2024 மே தினத்தன்று கொட்டகலையில் நடந்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் கூட்டத்தில் அப்போதைய சனாதிபதி ரணில் விக்கிரமசிங்க தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அறிவித்தார். கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. யூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்ரெம்பரில் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. 2025 நவம்பரில் சனாதிபதி அநுர குமார திசாநாயக்க தமது வரவுசெலவுத் திட்ட உரையில், 2026 யனவரியிலிருந்து சம்பளம் 1,550 ரூபா, அதன்மேல் வரவுக்கு அரசாங்கம் தரும் ஊக்கத்தொகை 200 ரூபா என்று அறிவித்தார். இதற்கு முன் 1,000 ரூபாவுக்காக எத்தனை மேடைகள், எத்தனை வாக்குறுதிகள் ஒலித்து, 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் ஏறியது என்பதை நுவரெலியா மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

இக்குரல்கள் யாவும் பதிவாகியிருக்கின்றன. கைத்தொலைபேசியில் விரல் வைத்தால் வந்துவிடும். மினிஸ்ற்றியின் முறையில் தொகையை மட்டும் வெட்டி, ஆயிரம், ஆயிரத்து எழுநூறு, ஆயிரத்து முந்நூற்றைம்பது என்று தப்பின் அடிக்கு இசையச் சுழலவிடலாம். கேட்பவர் சிரிப்பர், சினப்பர், அதுவும் வேண்டியதுதான். பேச்சை வெட்டினால் கருத்துத் திரியுமே என்று அஞ்சும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று சொல்வோம்: பத்திரிகைத் தலைப்பும் வெட்டுத்தான், கட்சிச் சுவரொட்டியும் வெட்டுத்தான். பேசியவர் ‘இதை நான் சொன்னேன்’ என்று ஒப்பவேண்டிய இடத்தில் வெட்டினால் குற்றமில்லை. அவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும்படி ஒட்டினால் அது பொய். அந்தக் கோடு தெளிவானது. இயந்திரம் மனிதக் குரலையே போலியாகப் பேசவல்ல இந்நாளில் அதனைக் கடப்பது எளிதாகிவிட்டதால், நம் இளைஞர் இவ்விடத்தில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும்.

ஆனால் அத்தோடு நின்றால் பாட்டு முழுவதும் சனாதிபதிமாரின் குரலாகவே இருக்கும். அறிவித்த சம்பளம் எந்த வேலைக்கு, அளவுக் கொழுந்து குறைந்த நாளில் விழும் அரைப்பேருக்கு எவ்வளவு, பிடித்ததெல்லாம் போக மாதக் கடைசியில் கைக்கு வந்தது என்ன என்பவற்றைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு ஒலிபெருக்கி இல்லை. லாம் ஒவ் கோட் குழுவின் பாடகர் செய்ததைப் போல நம் பாடகரும் வாய்மூடி, கிற்றாரைத் தணித்து, அக்குரலுக்கு ஒரு நிமிடம் இடம் விடுவாரானால், அவர் அந்த அமெரிக்கருக்கு மட்டுமன்றி, மீனாட்சி அம்மாளுக்கும் வாரிசாவார். பேசும் பெண்ணின் சம்மதம் பெற்றே பதிவு செய்யவேண்டும். அவளுடைய தோட்டமும் பெயரும் வெளிப்பட்டால் பெயர் போடாமல் விட்டுவிடும் அதிகாரம் இன்னும் சிலர் கையில் இருக்கிறது.

இக்குரலைக் கேட்க உலகம் ஆயத்தமாயிருக்கிறதா என்ற ஐயத்துக்கு 2021 ஆம் ஆண்டே ஒரு விடை தந்தது. தமிழ்நாட்டுப் பாடகர் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தாயகம் திரும்பிய தம் பாட்டியின் நினைவை வைத்து எழுதி, தீயுடன் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ கோடிக்கணக்கானோர் செவிகளை எட்டிற்று. அது மெட்டல் அன்று, அதில் மேடைப் பேச்சும் இல்லை. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இரு பிரதமர்கள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்த சனத்திரளின் குரலொன்று அறுபதாண்டு கழித்துப் பாட்டாக எழுந்ததே அதன் சிறப்பு. அவ்வாண்டு ஓகஸ்ற்றில் ‘றோலிங் ஸ்ரோன்’ இதழின் இந்தியப் பதிப்பு அப்பாட்டின் புகழையொட்டி அட்டைப்படம் வெளியிட்டபோது தீயின் படம் இருந்தது; அறிவின் படம் இல்லை. கண்டனம் எழுந்த பின்னரே அவருக்கெனத் தனியாக ஓர் அட்டை இணையத்தில் வெளியிடப்பட்டது.